வரிசையில் நிற்காத குண்டூசி

குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டுதான் அக்கா பேசுவார். பதினோரு வருஷமாக அவர் அறையைப் பெருக்குகிறேன். ஒரு நாளும் விழுங்கியதில்லை. வானியல் ஆராய்ச்சி நிலையத்தில் எல்லாருக்கும் அவர் குண்டூசி அக்காதான்.

அவர் அறைச் சுவரில் ஒரு பெரிய வரைபடம். அதில் குத்திய ஒவ்வொரு ஊசியும் ஒரு கேலக்ஸி, அதாவது ஒரு விண்மீன் மண்டலம். வலப்பக்கம் போகப் போக, கேலக்ஸியின் நடுவில் புடைத்திருக்கும் நட்சத்திரக் கூட்டத்தின் எடை கூடும். மேலே போகப் போக, அந்தக் கூட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும் கருந்துளையின் எடை கூடும். ஊசிகள் எல்லாம் சாய்வாக ஒரே வரிசையில் மேலேறும்.

"கூட்டம் பெருசுன்னா துளையும் பெருசு. ஆயிரத்துல ஒரு பங்கு, கொஞ்சம் முன்னபின்ன இருக்கும்" என்பார் அக்கா. "ஏன்னு மட்டும் கேக்காத. அது தெரிஞ்சுட்டா எனக்கு இங்க என்ன வேலை?"

நான் எங்கே கேட்டேன்? எட்டாவதோடு நின்றவள். துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு தலையாட்டுவேன்.

அந்த வேலைக்கே ஆபத்து வந்தது. அக்காவின் ஒப்பந்தம் முடிகிறது, அதை நீட்டிக்கலாமா என்று பார்க்க வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வருகிறார் என்றார்கள். அக்கா மூன்று நாளாகத் தலை சீவவில்லை. அறையாவது பளிச்சென்று இருக்கட்டும் என்று, அன்று காலை சீக்கிரமே போய்ச் சுவரைத் துடைத்தேன். ஒரே ஒரு ஊசி மட்டும் மற்றவற்றை விட்டு உயரத்தில் தனியாக நின்றது. அவசரத்தில் தப்பாகக் குத்திவிட்டார் போலிருக்கிறது என்று, அதைப் பிடுங்கி வரிசையில் நிறுத்தினேன்.

பேராசிரியர் வந்தார். அக்கா திரும்பிப் பார்க்காமலே சுவரைக் காட்டினார்.

"இது ஒண்ணு போதும் சார். சின்னக் கூட்டம், ராட்சசத் துளை. நாலு வருஷமா அளந்து அளந்து..."

"எதும்மா?"

அக்கா திரும்பினார். விரல் நின்ற இடத்தில் வெறும் காகிதம். முகம் வெளுத்துவிட்டது.

பெரியவர்கள் முன்னால் அந்த அறையில் நான் வாய் திறந்ததே இல்லை.

"நான்தான் சார்... அது மட்டும் ஒழுங்கில்லாம நின்னுச்சு. வரிசையில வச்சுட்டேன்."

"அடிப்பாவி!" என்றார் அக்கா. உதட்டிலிருந்த ஊசி தெறித்து, பேராசிரியரின் காப்பியில் விழுந்தது.

அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க ஆபீஸ்ல பெரிய படிப்புப் படிச்சவங்களும் இதையேதாம்மா பண்றாங்க. ஒத்துக்கத்தான் மாட்டாங்க." பிறகு அக்காவிடம், "அளந்ததை எடுங்க, பாப்போம்" என்றார்.

சாயங்காலம் வரை இருவரும் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒழுங்காக நின்ற நூறு ஊசிகளைப் பற்றிப் பேராசிரியர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்காவுக்கு மூன்று வருஷ நீட்டிப்பு கிடைத்துவிட்டது. அந்தக் கருந்துளை ஏன் அவ்வளவு பெருத்தது என்று இன்னும் தெரியவில்லை. சுவரை இப்போது அக்காவே துடைக்கிறார். சுத்தம் போதாது.