முடிஞ்சிடுச்சுனு சொன்னவன்

திருவண்ணாமலையில் கம்ப்யூட்டர் படித்தபோது எங்கள் ப்ராஜெக்ட் டீமுக்கு அவன்தான் லீடர். தடித்த கழுத்து, சோடாபுட்டிக் கண்ணாடி. தினமும் காலையில் செங்கம் ரோட்டு டீக்கடை முன் எங்கள் மூவரையும் உட்காரவிடாமல் நிற்க வைத்து, "நேத்து என்னடா பண்ணே?" என்பான். ப்ரோக்ராமை ஓட்டிப் பார்க்காமலே "முடிஞ்சிடுச்சு" என்றால் அறை விழும். எனக்கு ஒருமுறை உதடே கிழிந்தது.

முதல் டெமோவில் அவன் எழுதிய பகுதிதான் பாதியில் நின்றுபோனது. வெளியே வந்ததும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு என் முன் நின்றான்.

"நானும் ஓட்டிப் பாக்காமதான் முடிஞ்சிடுச்சுனு சொல்லிட்டேன். அடிடா."

அடித்தேன். "போதும்டா" என்று அவன் சொன்ன பிறகும் அடித்தேன். முன்பல் உடைந்தது. அவன் கையைத் தூக்கவேயில்லை.

மறுநாள் வீங்கிய வாயோடு அதே டீக்கடை முன் நின்று, என்னைத்தான் முதலில் கேட்டான்: "நேத்து என்னடா பண்ணே?"