இரண்டாவது விசில்

ஜெனிட்டா, ஜோயல், கண்டக்டர் விசிலை அப்பா ஏன் வேதாகமத்தின் பக்கத்தில் வைத்திருக்கிறேன் என்று கேட்டீர்களே. சபையில் சொன்ன சாட்சியையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

2008, ஐப்பசி மாதம். சிதம்பரம்–கடலூர் தனியார் பஸ்ஸில் எனக்குக் கண்டக்டர் வேலை. ஒரே மாதத்தில் என் வண்டியில் இரண்டு பெண்களின் செயின் போய்விட்டது. இரண்டாவது பெண்ணின் கணவர் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் எல்லார் எதிரிலும், "கண்டக்டருக்குத் தெரியாமலா அறுக்குறானுங்க?" என்று கேட்டார். கூனிக்குறுகிப் போனேன். முதலாளியும், "இன்னொரு தடவ நடந்தா நீ வராதய்யா" என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரி காலி பஸ்ஸில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, என் வண்டியில் ஏறுகிறவர்கள் அழுதுகொண்டு இறங்கக் கூடாது. எனக்குத் தைரியம் கிடையாது. நீரே பார்த்துக்கொள்ளும்."

அடுத்த வியாழக்கிழமை மத்தியானம். நிற்க இடமில்லாத கூட்டம். கடலூர் முதுநகருக்கு முந்தைய நிறுத்தம் நெருங்கும்போது, கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், "ஐயோ, என் தாலிச் செயினு!" என்று அலறினாள். இரண்டு பேர் நான் நின்ற பின்படிக்கு முண்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் என் விலாவில் பிளேடை வைத்து, "ஒரு விசில் குடு. வண்டி நிக்கணும்" என்றான்.

எங்கள் தொழிலில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. நான் வீரன் இல்லை, பிள்ளைகளே. அவன் சொன்னபடி ஒன்றுதான் ஊதப் பார்த்தேன். மனம் "இயேசப்பா" என்றது. உதடு நடுங்கியது. விசில் இரண்டாக வந்துவிட்டது!

டிரைவர் ராஜேந்திரன் மாமா ஆக்ஸிலேட்டரை மிதித்தாரே ஒரு மிதி! குதிக்க நின்றவர்கள் கம்பியைக் கட்டிக்கொண்டார்கள். பிளேடு கீழே விழுந்தது. மீன்கூடையோடு இருந்த ஒரு அக்கா பிளேடு வைத்தவன் சட்டையைப் பிடித்து, "டிக்கெட்டு எடுத்த இல்ல? கடைசி வரைக்கும் வாடா!" என்றார். பஸ்ஸே சிரித்தது. "மாமா, நேரா டேசனுக்கு உடுங்க!" என்று கத்தினேன். முதுநகர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில்தான் வண்டி நின்றது. செயின் ஒருவன் இடுப்பில் இருந்தது. அந்தப் பெண் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நிறுத்தத்துல எதுக்குய்யா ரெண்டு ஊதுன?" என்றார் மாமா.

"நான் ஒண்ணுதான் ஊதப் பாத்தேன் மாமா."

"அப்ப இன்னொண்ணு உங்க சாமி ஊதுனது. அவரையும் டூட்டியில சேத்துக்க மாப்ள."

அன்றிலிருந்து ஜெபிக்காமல் நான் வண்டி ஏறியதில்லை. "செயின முந்தானையால மூடிக்குங்கம்மா" என்று சொல்லாமல் டிக்கெட் கிழித்ததும் இல்லை. உங்களுக்கும் உதடு நடுங்கும் நாள் வரும். நடுக்கத்தோடேயே கூப்பிடுங்கள். அவருக்குக் கேட்கும்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் எல்லாரும் இறங்கிய பிறகு, அதே பின்படியில் தனியாக நின்றேன். விசிலைச் சட்டையில் துடைத்தேன். ஆண்டவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மெல்ல, இரண்டு தடவை ஊதினேன்.