க்யூ.ஆர். கோடு இருந்தது, ஃபோன் இல்லை: மாமல்லபுரம் பக்கம் ஒரு வாசிப்புப் பயணம்

பொத்தேரியில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். பொங்கல் லீவு முடிந்த வாரம் மாமல்லபுரம் பக்கம் போனது கடற்கரைக் கோயிலைப் பார்க்க அல்ல. நானே செய்த வாசிப்புப் புத்தகம் பிள்ளைகளிடம் எடுபடுகிறதா என்று பார்க்கத்தான் போனேன்.

புத்தகம் எட்டே பக்கம். எழுத்தின் பெயரைச் சொல்லாமல், அதன் ஒலியைச் சொல்லி, ஒலிகளைக் கோத்து வாசிப்பதுதான் ஃபோனிக்ஸ். எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்று ஆறே எழுத்துகளில் முதல் புத்தகம். ஃபோனில் ஒரு டிசைன் செயலியில் பக்கம் போட்டேன். வெளிச்சத்தம் விழாமல் இருக்க, துணி அடுக்கிய பீரோவுக்குள் தலையை விட்டு ஒலிகளைப் பதிவு செய்தேன். பக்கத்துக்கு ஒரு க்யூ.ஆர். கோடு, ஸ்கேன் செய்தால் என் குரல் கேட்கும். எனக்கு என் மேலேயே கொஞ்சம் பெருமைதான்.

வெள்ளி மதியம் 1.50 லோக்கல், செங்கல்பட்டுக்கு ஐந்து ரூபாய். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ், முப்பது கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம். கடைசி மூன்று கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

“பையில இன்னாமா, கல்லா?” என்றார் ஆட்டோக்காரர்.

“புக்குண்ணா.”

“நல்லா கனமா கீது” என்று தூக்கி வைத்தார். அத்தனையும் கெட்டி அட்டை.

என்னோடு பி.எட். படித்த ஸ்டெல்லா, அங்கே சர்ச் ஹாலில் மாலை ஐந்து மணிக்கு வகுப்பு நடத்துகிறாள். அவளுடைய கவலை முழுக்க ஐந்தாம் வகுப்பு புவனாதான். ஆறாவதுக்கு டவுன் பள்ளிக்குப் போனால் எழுந்து நின்று இங்கிலீஷ் படிக்கச் சொல்வார்கள், அதனால் போகவே மாட்டேன் என்று அந்தப் பெண் பிடிவாதமாக இருந்தாள்.

புத்தகங்களைக் கொடுத்துவிட்டு, “எல்லாரும் வீட்டு ஃபோனை எடுங்க” என்றேன். பத்தொன்பது பிள்ளைகள். இரண்டே ஃபோன்.

“ஃபோனு அம்மாகிட்ட கீது மிஸ். அம்மா ஷிப்ட்டுக்குப் போய்க்கீது” என்றாள் புவனா.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டைக்கு இந்த ஊர் அம்மாக்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ் மதியம் பன்னிரண்டரைக்கே போய்விடுகிறது. திரும்ப ராத்திரி ஆகிவிடும். வீட்டுக்கு ஒரு ஃபோன். அதுவும் கூடவே போய்விடும். பீரோவுக்குள் தலையை விட்ட நேரத்தில் இதை ஸ்டெல்லாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். புவனா புத்தகத்தை மூடி என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். வெட்கமாகிவிட்டது.

“மூஞ்ச தூக்காத டீ. அந்த சத்தத்தயெல்லாம் அம்மாங்களுக்கே அனுப்பிடலாம். ராத்திரி பஸ்ல சும்மாதான குந்திகினு வருவாங்க” என்றாள் ஸ்டெல்லா. பக்கங்களையும் படமெடுத்து, ஆறு ஒலிகளோடு வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு புவனாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அம்மா மல்லிகா ஹாலுக்கு வந்தார்.

“நீங்கதான் அந்த சத்தமா மிஸ்? பஸ்ல எல்லாரும் சேந்து ஸ்ஸ்ஸுன்னு சொல்லிகினு வந்தோம். டிரைவர் அண்ணாத்த பாம்பு பூந்துட்ச்சுன்னு வண்டிய நிறுத்திட்டாரு!”

விடிந்ததும் மகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். புவனா விரல் வைத்து மெதுவாக வாசித்தாள். முதல் சொல் வந்தது, இரண்டாவதும் வந்தது. மூன்றாவதை மல்லிகா முந்திக்கொண்டு சொன்னார்.

“யம்மா, படத்தப் பாத்து சொல்லாத” என்று படத்தை உள்ளங்கையால் மூடினாள் மகள். மல்லிகா ஒவ்வொரு ஒலியாகக் கோத்து மறுபடி வாசித்தார். அவரும் ஐந்தாவதோடு நின்றவராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்படிப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. செயலியைத் திறப்பதற்கு முன்னால், அந்த ஊரில் ஃபோன் எந்த நேரம் யார் கையில் இருக்கும் என்று கேளுங்கள். ஒலிக்கோப்பு பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். க்யூ.ஆர். கோடு இருக்கட்டும், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். திரும்பும் பஸ் பதினொன்றரைக்கு. அதை விட்டால் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

நான் கிளம்பும்போது புவனா ஆட்டோ வரைக்கும் வந்தாள்.

“மிஸ், ஆறாவதுல மொத்தம் எத்தினி புக்கு?”

“ஏன் கேக்கற?”

“அம்மா அத்தினியும் படிக்கணுமே, பஸ்ல டைம் பத்துமா?”