யாருக்கும் தெரியாத தையல்

எங்கள் கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை ஜன்னல் சீட் என்னுடையது. பன்னிரண்டு வருடம் அதில்தான் போய் வந்தேன். பெயர் எழுதி ஒட்டவில்லை. எனக்கு முன்பே படப்பையில் ஏறிவிடுகிற என் சினேகிதி தன் கைப்பையை அதில் போட்டுக் காவல் இருப்பாள். யாராவது உட்கார வந்தால் ஒரு முறை முறைப்பாள், அவ்வளவுதான். சேரப்பணஞ்சேரியில் நான் ஏறியதும் பையை மடிக்கு எடுத்துக்கொண்டு, "இன்னாடி, இன்னிக்கும் தலைய வாராம வந்துட்டியா?" என்பாள். வாரியிருந்தாலும் அதே கேள்விதான். இப்போது அவள் ஓசூர் பக்கம் குடிபோய்விட்டாள். காலையில் ஒரகடம் ரோட்டில் கம்பெனி பஸ் எதிரே வந்தால், என் கண் இன்னும் மூன்றாவது ஜன்னலைத்தான் தேடுகிறது.

காருக்குள் ஓடுகிற ஒயர்களைக் கட்டாகக் கட்டித் தருவது எங்கள் வேலை. பெரிய பலகைகள் வரிசையாக நகர்ந்து வரும். நாங்கள் நின்றபடி, பலகையோடு கூடவே நடந்தபடி, ஒயரைப் படியவைத்து, கனெக்டரைச் சொருகி, டேப் சுற்றி, கிளிப் போட வேண்டும். சொருகினால் 'க்ளிக்' என்று கேட்க வேண்டும். கேட்ட பிறகும் நம்பக் கூடாது, ஒரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும். இந்தப் பழக்கம் எங்களை வீடுவரை தொடர்ந்து வந்தது. கேஸ் ரெகுலேட்டரை மாட்டினாலும் இழுத்துப் பார்ப்போம். சினேகிதி தன் மகளுக்கு ரிப்பன் கட்டிவிட்டு இழுத்துப் பார்த்து, பிள்ளை அலறி, மாமியார் ஓடிவந்த கதையெல்லாம் உண்டு.

லைனில் என் வேலை முடிகிற இடத்தில் அவள் வேலை தொடங்கும். வேலை நேரத்தில் பேசக் கூடாது. நாங்கள் பேசாமல் இருந்த ஷிப்ட் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

கேன்டீன் மாடியில் இருந்தது. ஒரு வருடம் அந்தப் படிகளில் மூச்சு வாங்கினேன். "கெயவியாயிட்டடி" என்று அவள் சிரிப்பாள், நானும் சிரித்துக்கொண்டே கைப்பிடியைப் பிடித்து நிற்பேன். ஒரு நாள் நடுப்படியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு ஆஸ்பத்திரி, எக்கோ, சென்னையில் பெரிய டாக்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, போக வேண்டிய ரத்தம் பின்னால் கசிகிறது, தள்ளிப்போட்டால் இதயம் வீங்கிவிடும் என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும்.

"ரெண்டு வழி இருக்கும்மா" என்று ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். ஒன்று, நடு நெஞ்சு எலும்பை மேலிருந்து கீழ்வரை அறுத்துத் திறப்பது. எலும்பு ஒன்றுசேர இரண்டு மூன்று மாதம் ஆகும். இன்னொன்று, வலது மார்புக்கு அடியில் விரல் நீளத்துக்கு வெட்டி, விலா எலும்புகளுக்கு நடுவே நீளமான கருவிகளை விட்டுச் செய்வது. எலும்பை அறுக்க வேண்டியதில்லை, சீக்கிரம் எழுந்து நடமாடலாம். ஆனால் ஆபரேஷன் நேரம் கூடும். உள்ளே ஏதாவது சிக்கல் வந்தால் நடுவிலேயே நெஞ்சைத் திறக்கவும் நேரலாம். என் உடம்புக்கு இரண்டுமே முடியும் என்றும், நாங்கள் யோசித்துச் சொல்லலாம் என்றும் சொன்னார்.

"தெச்சப்புறம் இழுத்துப் பாப்பீங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இழுக்க மாட்டோம்மா. உள்ள தண்ணி மாதிரி ஒண்ண நெரப்பி, கசியுதான்னு பாப்போம். எந்த வழில செஞ்சாலும் அதப் பாக்காம மூட மாட்டோம்."

என் வீட்டுக்காரருக்கு இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி வேலை. வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"தோ பாரு, எங்க லைன்ல டேஷ்போர்டுக்கு அடியில ஒரு போல்ட்டு கீது. கண்ணுக்குத் தெரியாது, கைய வுட்டு தடவித்தான் போடணும். ரீவொர்க்குன்னு சரி பண்ண திரும்பி வர்ற வண்டில பாதி அந்த போல்ட்டாலதான். தெறந்து வெச்சி கண்ணால பாத்து செய்யட்டும். உசுரு சமாச்சாரம்."

"டாக்டரு உள்ள கேமரா வுட்டுத்தான் பாக்குறாராம்" என்றேன்.

"கேமரா எங்க லைன்லயும்தான் கீது" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் நான் அதற்குள் முடிவு எடுத்திருந்தேன், அதற்குக் காரணம் எங்கள் கம்பெனி மெயின்டனன்ஸ் அண்ணன். அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் ஆகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. எப்படி இருந்தது என்று கேன்டீனில் கேட்டேன். கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்போல மேல் இரண்டு பட்டனைக் கழற்றிக் காட்டினார். தொண்டைக் குழிக்குக் கீழே ஆரம்பித்த கோடு பனியனுக்குள் இறங்கிப் போயிற்று. "இரும்பும்போது தலகாணிய நெஞ்சோட கட்டிப் புடிச்சிக்கோம்மா" என்று ஆரம்பித்து, சாம்பாரில் எவ்வளவு உப்பு என்பதுவரை சொன்னார். நல்ல மனிதர். ஆனால் அந்தத் தழும்பைப் பார்த்த பிறகு யாரும் அவரிடம் ஸ்பேனரைக் கொடுக்கவில்லை. பாவம் பார்த்து, உட்கார்ந்து ரெஜிஸ்டர் எழுதுகிற வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

லைன் பெண்களில் உடம்பு முடியாமல் போனவர்களுக்கும் இப்படி ஓர் இடம் உண்டு. பின்கட்டடத்தில் லேபிள் ஒட்டுகிற அறை. நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, ஜெனரல் ஷிப்ட், வேறு பஸ். அங்கே போனவள் யாரும் லைனுக்குத் திரும்பியதில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அகலக் கழுத்து ரவிக்கை போடுகிறவள் நான், அந்த ஆசையும் இருந்தது. அதைவிடப் பெரிய ஆசை, போனபடியே திரும்பி வர வேண்டும் என்பது. அதே பலகை, அதே சீட்டு, பக்கத்தில் அதே ஆள். நெஞ்சில் கோடு விழுந்தால் அது மூன்றும் போய்விடும் என்று பயந்தேன். சாவைவிட அதற்குத்தான் பயந்தேன் என்றால் இப்போது எனக்கே நம்ப முடியவில்லை, ஆனால் அப்படித்தான் இருந்தது. மார்புக்கு அடியிலேயே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன். தேவைப்பட்டால் திறக்கலாம் என்ற இடத்திலும் கையெழுத்து வாங்கினார்கள். வீட்டுக்காரர் அந்த வரியை மட்டும் இரண்டு தரம் படித்தார்.

சினேகிதியிடம் ஒரு பொய் சொன்னேன். "ஆஞ்சியோ மாதிரிதான்டி, ஒயரு வுட்டு சரி பண்ணிடுவாங்களாம். நெஞ்சையெல்லாம் தொடவே மாட்டாங்க" என்றேன். மாதவிலக்கு தள்ளிப்போனதிலிருந்து மாமியார் சண்டைவரை ஒன்று விடாமல் அவளிடம் சொன்னவள், இதை மட்டும் மறைத்தேன். ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்றவளையும், ரெண்டு நாள் வேலைக்கு எதற்கு லீவு போடுகிறாய் என்று தடுத்துவிட்டேன்.

மயக்கம் தெளிந்ததும் என் கை நேராக நடு நெஞ்சுக்குப் போயிற்று. அங்கே கட்டு எதுவும் இல்லை. வலது பக்கம் இடிபோல் வலித்தது, தொடையிடுக்கில் மெஷின் குழாய் போன இடத்தில் ஒரு பிளாஸ்திரி, விலாவிலிருந்து ஒரு குழாய். ஆனாலும் நடு நெஞ்சு சும்மா இருந்ததில் அப்படி ஒரு சந்தோஷம். வால்வு என்ன ஆயிற்று என்று கேட்கவேண்டும் என்பதே அப்புறம்தான் தோன்றியது. கசிவு நின்றுவிட்டது என்றார்கள். வீட்டுக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்த சனத்துக்குத்தான் பெரிய ஏமாற்றம். ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து, முதலில் என் கழுத்தைப் பார்ப்பார்கள். பிறகு கொஞ்சம் கீழே பார்ப்பார்கள். ஒன்றும் தெரியாது. "இம்மாம் பெரிய ஆபரேஷன்னாங்க, ஒண்ணியும் காணோமே" என்று பெரியத்தை வாய்விட்டே சொல்லிவிட்டாள். மறு வாரம் வந்தவள் என்னையே டீ போடச் சொன்னாள். மெயின்டனன்ஸ் அண்ணன் பட்டனைக் கழற்றிக் காட்டலாம். நான் எதைக் கழற்றிக் காட்டுவது?

சினேகிதிக்குப் போனில், டாக்டர் சும்மா ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார் என்றே சொல்லிவந்தேன். ஏழாவது வாரம் டாக்டர் வேலைக்குப் போகலாம் என்றார். கூடவே, எடை தூக்கக் கூடாது, கையைத் தோளுக்கு மேல் தூக்கிச் செய்கிற வேலை கூடாது, அதிக நேரம் நிற்கக் கூடாது, மூன்று மாதத்துக்கு உட்கார்ந்த வேலைதான் தர வேண்டும் என்றும் சொன்னார். "ரெண்டையும் தனித்தனித் தாள்ல எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. போகலாம் என்ற தாளைக் கம்பெனியில் கொடுத்தேன். மற்றதை நான்காக மடித்து மாத்திரை உறைக்குள் செருகிவிட்டேன். இரண்டையும் கொடுத்துவிட்டதாக வீட்டில் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், அதுவும் மிகுந்த கெட்டிக்காரத்தனமாக.

திரும்பிப் போன முதல் நாள் மூன்றாவது ஜன்னலில் கைப்பை இருந்தது. "இன்னாடி, தலைய வாராம வந்துட்டியா?" என்றாள். என் வாழ்க்கையில் அப்படியொரு நல்ல காலை அதற்கு முன்பும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை. வழியெல்லாம் பேசினாள், நான் இல்லாத ஏழு வாரத்துக் கதையையும் ஒரகடம் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதுபோல.

மூன்று நாள் தாங்கினேன். நான்காம் நாள் பலகையின் மேல் ஓரத்துக்குக் கையை நீட்டியபோது வலது விலாவில் சுருக்கென்று இழுத்தது. மூச்சு முக்கால்வாசியோடு நின்றது. இரண்டு கிளிப் தவறிப் போய், லைன் நின்று, சிவப்பு விளக்கு எரிந்தது. பெண்கள் முணுமுணுத்தார்கள். மாற்றாள் ரிலீவர் என் இடத்துக்கு வர, சினேகிதி என்னை லாக்கர் அறைக்குக் கூட்டிப்போய்ப் பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"மாத்தர எங்க வெச்சிகினு கீற?" என்று என் பையைத் திறந்தாள். மாத்திரை உறையோடு அந்தத் தாளும் வந்தது. வெடுக்கென்று பிடுங்கக் கை நீட்டினேன், வலியில் கை எழும்பவில்லை. கம்பெனி போர்டுகளில் படித்துப் பழகிய இங்கிலீஷ்தான் அவளுக்கு. ஆனால் அந்தத் தாளில் இருந்த சொற்களும் அவைதான். எடை, நிற்பது, மூன்று மாதம். மெதுவாக, உதடு அசைய, கடைசிவரை படித்தாள்.

"காட்டு" என்றாள்.

யூனிபார்ம் மேல்சட்டையைத் தூக்கிக் காட்டினேன். மார்புக்கு அடியில் இருந்த தழும்பையும், குழாய் இருந்த குழியையும் குனிந்து பார்த்தாள். தொடையில் இருப்பதை வாயால் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ மேல்சட்டையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். எங்கே போகிறாள் என்று புரிந்ததும், "வேணாம்டி, வேணாம்டி" என்று கத்திக்கொண்டே பின்னால் போனேன். அதற்குள் மாடி ஆபீசில் சூப்பர்வைசர் கையில் தாள் இருந்தது. அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார், போனை எடுத்தார். பத்து நிமிடத்தில் என் பெயர் லேபிள் அறைக்கு மாறிவிட்டது.

மாடிப்படியில் அவளை மறித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தால் இடம் பொருள் தெரியாது.

"பன்னண்டு வருசம் பக்கத்துல நின்னுட்டு, என் எடத்த நீயே புடுங்கிட்டியேடி!"

"ஆமா, புடுங்கிட்டேன்" என்றாள். "நெஞ்ச அறுத்துகினு வந்து ஒண்ணுமில்லன்னு எங்கிட்டயே சொல்லிகீற. நீ லைன்ல வுயுந்து செத்துருந்தா? அந்த எடத்துக்கு நாளைக்கே ஒருத்திய போட்டுருவாங்க. அவ பக்கத்துல நான் எப்டிடி நிப்பேன்?"

நான் இன்னும் சத்தமாகத் திட்டினேன். திட்டிக்கொண்டே ஒவ்வொரு படியாக இறங்கினேன். அவள் கண்ணைத் துடைத்தபடி என் டிபன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். கொடு என்று கேட்டால் கொடுக்கவில்லை; எடை தூக்கக் கூடாது என்று அந்தத் தாளில் எழுதியிருக்கிறதாம்.