நொச்சிக் கரையும் ஊர்த் தடுமலும்

மூக்கடைத்துக்கொண்டு மூன்று நாளாகிறது. மருமகள் ஒரு மாத்திரையை உடைத்துக் கரண்ட்டில் ஓடும் ஆவி மிஷினில் போட்டு, "மாமா, மூஞ்சியக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். மருந்துக்கடை வாசம். இதையெல்லாம் ஆவி என்று என் மூக்கு ஒத்துக்கொள்ளவில்லை. லேசுப்பட்ட மூக்கா இது? ஒரு காலத்தில் அரசாங்கத்துக்குச் சொந்தமான ஓடைக்கரையையே உறிஞ்சிய மூக்கு.

சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். ஓவர்சியர் படிப்பை முடித்த சூட்டோடு வடமதுரைப் பக்கம் ஒரு ஊரில் போட்டார்கள். கையில் அளவு டேப்பு, தலையில் தொப்பி, நெஞ்சு நிறையத் திமிர். ஊருக்கு ஒரே வண்டிப்பாதை, அதை ஒட்டி ஓர் ஓடை. மழைக்காலத்தில் ஓடை திரும்புகிற இடத்தில் கரையை அரித்துத் தின்றுவிடும். முந்தின வருஷம் கட்டிய கல் சுவர் குப்புற விழுந்து, பெண்கள் துணி துவைக்க வசதியாகக் கிடந்தது. பாதை போய்விட்டால் வெங்காய மூட்டை, பிள்ளைத்தாச்சி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான்.

திண்டுக்கல்லிலிருந்து வந்த என்ஜினியர் கரையைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "கார்த்திகைக் கடைசில வருவேன். கரை நின்னா ஒன்னய நிரந்தரம் பண்ணி எழுதுறேன். கரை போச்சுன்னா நீயும் பெட்டியக் கட்டிக்க." எனக்குக் கீழே மூன்று தங்கைகள். அந்த வேலையை விட்டால் வீட்டில் உலை கொதிக்காது.

கல் வரும் வரும் என்றார்கள். ஆடி முடிந்தும் வரவில்லை. மேஸ்திரி சின்னழகு என் வயசுக்காரன், என்னை ஒரு ஆளாகவே மதிக்க மாட்டான். பீடியைக் காதில் செருகிக்கொண்டு, "கல்லு வாரப்ப வரட்டும் சார். நொச்சிக் கம்ப வெட்டி ஊண்டிருவோம்" என்றான்.

"கவர்மெண்டு வேலைக்கு நொச்சியா? எங்க படிப்புல அப்படி ஒண்ணும்..."

"ஓடைக்கு ஒங்க படிப்பு தெரியாதுல்ல சார்."

வேறு வழி? பச்சைக் கம்புகளை நெருக்கி அடித்து, குறுக்கே வளையும் மெல்லிய விளாறு விட்டுப் படல் மாதிரி பின்னி, பின்னால் மண் கொட்டி மிதித்தோம். தண்ணீர் தொடுகிற இடத்தில் நாணல் வைத்தோம். ஒரு மாசத்துக்குள் கம்பெல்லாம் துளிர்த்துவிட்டது. ஆடும் நொச்சியைத் தொடாது. அப்போது நான் கரையில் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அணை கட்டினவன்கூட அப்படி நடந்திருக்க மாட்டான்.

புரட்டாசியில் நாலு தூறல் போட்டது. ஊருக்கே தடுமல். தடுமல் வந்தால் நம் சனம் என்ன செய்யும்? நொச்சி இலையைப் பானையில் கொதிக்கவிட்டு, போர்வைக்குள் புகுந்து வேது பிடிக்கும். காலையில் போய்ப் பார்த்தால் என் கரையில் பத்தடிக்கு மொட்டை!

உடனே போர்டு எழுதி நட்டேன். 'அரசாங்க நொச்சி. இலை பறிப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள்.' அவ்வளவுதான், அடுத்த ஊர்க்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். மடி நிறைய இலையோடு என்னிடம் மாட்டிய ஒரு பெரியவர், "இம்புட்டு நொச்சி இங்க கெடக்குன்னு போர்டப் பாத்துத்தான் அப்பு தெரிஞ்சுச்சு" என்று எனக்கே நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

நானே குடை பிடித்துக் காவல் நின்றேன். நின்றதில் எனக்கும் வந்தது தடுமல், காய்ச்சலோடு. நான் சாப்பாட்டுக்கு இருந்தது சவரியம்மா கடையில். பத்து வயசுதான் மூத்தவர், அதட்டலைக் கேட்டால் தலைமையாசிரியர் தோற்றார். என் தலையில் போர்வையைப் போட்டு மூடி, உள்ளே ஒரு பானையைத் தள்ளினார். "செத்த நேரம் பேசாம மூச்ச இழுங்க தம்பி!"

முதல் இழுப்பில் மூக்கு திறந்தது. ஆகா, என்ன வாசம்! இரண்டாம் இழுப்பில் புத்தி திறந்தது. போர்வைக்குள்ளிருந்தே கத்தினேன். "அக்கா, இத எங்க பறிச்சீங்க?"

"ஒங்க கரையிலதான். ஒங்க மூக்குக்கு ஒங்க நொச்சி. இதுக்குமா பெர்மிசன் வாங்கணும்?"

மானமுள்ளவன் போர்வையை உதறியிருப்பான். நான் இன்னும் நாலு இழுப்பு இழுத்தேன். சுகமாக இருந்தது, என்ன செய்ய.

கார்த்திகையில் இரண்டு நாள் விடாத மழை. விடிந்ததும் நானும் சின்னழகும் பாதையில் போய் நின்றோம். ஓடை செக்கச்செவேலென்று வந்துகொண்டிருந்தது. பெட்டியில் என்னென்ன வைப்பது என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். தண்ணீர் ஏறியது. நொச்சி எதிர்த்து நிற்கவில்லை, அப்படியே கரையோடு படுத்துக்கொண்டது. வெள்ளம் அதன் முதுகின் மேல் போனது. மத்தியானம் வடிந்ததும் மெல்ல நிமிர்ந்தது. கரையில் ஒரு கூடை மண்கூடக் குறையவில்லை. ஊரார் ஒடிக்க ஒடிக்க அடியிலிருந்து கிளை வெடித்து அத்தனையும் புதராகியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சின்னழகு பார்த்துவிடக் கூடாதென்று மூக்கைச் சிந்துவது போல நடித்தேன்.

என்ஜினியர் வந்தார். "கெளைய ஒடிச்சுவிட்டுக் கவாத்து ஒழுங்கா நடந்திருக்கே! யார் ஏற்பாடு?"

"நான்தான் சார்" என்றேன். சின்னழகு பொய்யாக ஒரு தும்மல் போட்டான்.

நிரந்தர உத்தரவு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக ஏறினேன். தங்கைகள் கல்யாணம் நடந்தது. ஜீப்பும் சுழல் நாற்காலியும் வந்தன. பல வருஷம் கழித்து, அதே ஓடைக்குக் கான்கிரீட் சுவர் கட்டும் திட்டம் என் மேசைக்கே வந்தது. 'வேண்டாத புதர்களை வேரோடு அகற்றுதல்' என்று முதல் வரி. ஊர்ப் பெயரை நன்றாகவே படித்தேன். மேலிடத்தில் அவசரம். கையெழுத்துப் போட்டேன். இப்போது அங்கே நொச்சி ஓர் இணுக்குக்கூடக் கிடையாது.

வேலை தொடங்கிய மூன்றாம் நாள் அங்கிருந்து ஓர் ஆள் வந்தான். "வேரு விட மாட்டேங்குது சார். இன்னும் பெரிய மிஷின் வேணும்" என்றான்.

அதற்கும் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.