மத்தியானத் தாள்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. எங்கள் ஆசிரியர் பயிற்சி மையத்தில் அதைச் சொன்னால் வாசல் காவலருக்குக்கூடத் தெரியாது. ‘ஆதாரம்’ என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடுவார்கள். யார் எதைச் சொன்னாலும் “ஆதாரம் எங்க?” என்று கேட்கிற மனுஷர். மழை வரும்போல இருக்கிறது என்றால்கூட ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். நான் அங்கே நகல் எடுக்கிறவள். பதினாறு வருஷமாக ஜெராக்ஸ் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டடி இடத்தில் நிற்கிறேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்களும் என்னை ‘ஜெராக்ஸக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். சண்டை போட்டுப் பார்த்து விட்டுவிட்டேன்.

பத்தொன்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திவிட்டு எங்களிடம் பயிற்சியாளராக வந்தவர் அவர். பிள்ளைகள் ஆண்டையும் பெயரையும் மனப்பாடம் செய்து ஒப்பிப்பதைக் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போயிருந்தார். ஒரு பழைய கடிதத்தையோ மனுவையோ பதிவேட்டையோ அவர்கள் கையில் கொடுத்து, நீயே படி, நீயே சொல், எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்கிற ஆசிரியர்களை உண்டாக்க வேண்டும். வாழ்க்கையில் அவருக்கு இருந்தது அந்த ஒரே ஆசை. வீடு கட்டவில்லை, நாலு இடம் சுற்றவில்லை. ஒருமுறை மையத்துக்கு வந்த அவர் மனைவி, “இவருக்குக் கல்யாணம் பண்ணி வச்சதுக்குப் பதிலா ஒரு பீரோ வாங்கிக் குடுத்திருக்கலாம்” என்று என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அவருடைய பொக்கிஷம் ஒரு வருகைப் பதிவேடு. மூடப்பட்ட ஒரு பள்ளியிலிருந்து பழைய காகிதக் கடைக்குப் போக இருந்த மூட்டையிலிருந்து அதை உருவி, சட்டைக்குள் வைத்துச் சைக்கிளில் கொண்டுவந்திருக்கிறார். நூறு வருஷத்துக்கு முந்தியது. தலையணை உறை ஒன்றில் போட்டு வைத்திருந்தார். அதில் ஒரு பக்கம்தான் அவருடைய பாடமே. முப்பத்தெட்டுப் பிள்ளைகள், எதிரே அப்பாவின் தொழில், முகவரி. பதினேழு பிள்ளைகள் சேர்ந்தாற்போலப் பன்னிரண்டு நாள் வரவில்லை. ஓரத்தில் தலைமையாசிரியர் ‘காய்ச்சல்’ என்று எழுதியிருக்கிறார். பார்த்தால் காய்ச்சல்தான். ஆனால் அந்தப் பதினேழு பேரின் அப்பாவும் ஆலைத் தொழிலாளி, முகவரி ஆலை கட்டிய வரிசை வீடுகள். அதே வரிசை வீடுகளில் இருந்த, தொழிலாளிகளை வேலை வாங்கும் இரண்டு மேஸ்திரிகளின் பிள்ளைகள் பட்டியலின் கடைசி இரண்டு வரியில் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்திருக்கிறார்கள். வராத பதினேழு பேரும் ஒரே திங்கட்கிழமை திரும்பி வந்திருக்கிறார்கள்.

இதை வைத்து அவர் இரண்டு தாள் தயாரித்தார். முதலாவது காலைத் தாள். அதில் பதிவேட்டுப் பக்கமும், அதற்கு மேலே அவரே எழுதிய ஒரு மாதிரி விடையும் இருக்கும். ஊரில் காய்ச்சல் பரவியது, பிள்ளைகள் வரவில்லை என்கிற விடை. வேண்டுமென்றே தப்பாக எழுதியது. ஆசிரியர்கள் பக்கத்தோடு ஒப்பிட்டுத் தப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். மத்தியானத் தாளில் ஒரு பழைய செய்தித்தாள் துணுக்கு. கூலி கேட்டு நின்ற தொழிலாளர்களை ஆலைக்காரர்கள் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினார்கள், பன்னிரண்டு நாள் தொழிலாளர் வீடுகள் காலியாகக் கிடந்தன என்ற செய்தி. அதற்குக் கீழே, ‘காலையில் கொடுத்த விடை தவறு. நிரூபியுங்கள்’ என்று ஒரு வரி.

நல்ல யோசனைதான். ஆனால் ஆசிரியர்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. காலையிலேயே இரண்டு வேளைக்கும் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். சாப்பாடு முடிந்ததும் கைகழுவும் குழாயடியிலிருந்து அப்படியே ஒவ்வொருவராக நழுவிவிடுவார்கள். ஒருத்தருக்கு வங்கி வேலை, ஒருத்தருக்கு மாமியாருக்கு உடம்பு சரியில்லை. அறுபது பேரில் ஆறு பேர் மிஞ்சினால் அன்றைக்குத் திருநாள். நான் எடுத்து அடுக்கிய மத்தியானத் தாள்கள் கட்டாக என்னிடமே திரும்பி வரும். காலைத் தாள் மட்டும் ஐம்பத்துநாலு பைகளில் ஏறி ஐம்பத்துநாலு பள்ளிக்கூடம் போய்ச் சேரும்.

இரண்டையும் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்துவிடுகிறேன் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. “விடையை முன்னாடியே குடுத்துட்டா யாரு தேடுவா?” என்றார். குடுக்காவிட்டாலும் யாரும் தேடவில்லையே சார் என்றதற்கு, இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் ஒருத்தராவது தேடுவார் என்றார். ஏழு வருஷம் இதையே சொன்னார்.

எட்டாவது வருஷம், பொதுத்தேர்வில் இனி ஒரு ஆவணக் கேள்வி கட்டாயம் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. மனுஷருக்கு உள்ளங்கால் தரையில் படவில்லை. அந்த வருஷம் என் மகளும் அதே தேர்வை எழுதினாள். வந்த கேள்வி அவருடைய பதிவேட்டுப் பக்கம். விடைக்குறிப்பில் இருந்தது அவருடைய காலைத் தாள், ஒரு வார்த்தை பிசகாமல். கேள்வித்தாள் தயாரித்தவர்கள் எங்களிடம் சாப்பிட்டுவிட்டு நழுவியவர்கள்தான்.

என் மகள் மத்தியானத் தாளைக் கண்ணால் பார்த்ததில்லை. வீட்டுக்கு நான் அதையெல்லாம் கொண்டுபோவதும் இல்லை. தேர்வு அறையில் உட்கார்ந்து அவளாகவே யோசித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: “காய்ச்சல் மேஸ்திரி பிள்ளைங்களை மட்டும் விட்டுட்டுப் போகுமாம்மா? அது காய்ச்சலே இல்ல. ஆலையில ஏதோ நடந்திருக்கு. அப்படித்தான் எழுதினேன்.”

ஐந்து மதிப்பெண் கேள்விக்குச் சுழியம் போட்டார்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வரலாறு படிக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள். இரண்டு மதிப்பெண்ணில் இடம் போனது.

நேரே அவர் அறைக்குப் போய், உங்கள் விளையாட்டுக்கு என் பெண்ணா கிடைத்தாள் என்று கத்தினேன். அவர் எழுந்து நின்றார். அவள் எழுதியதை அப்படியே சொல்லச் சொன்னார். சொன்னேன். மேஸ்திரி பிள்ளைகள் என்றதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. எட்டு வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. அந்த நிமிஷம் அவரை அடித்திருப்பேன்.

மறுநாள் தலையணை உறையோடு தேர்வு அலுவலகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். அதிகாரி பதிவேட்டைத் தொடக்கூட இல்லை. காலைத் தாளை மேசைமேல் வைத்து, அடியிலிருந்த பெயர் உங்களுடையதுதானே என்று கேட்டார்.

“தப்புன்னு தெரிஞ்சேதான் எழுதினீங்களா?”

“ஆமா. கண்டுபிடிக்கணும்னு எழுதினேன்.”

“அப்ப அதை எழுதிக் குடுங்க. பார்க்கலாம்.”

எழுதாதீங்க சார் என்று அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தேன். எழுதிக் கொடுத்தால்தான் பிள்ளைக்கு மதிப்பெண் வரும் என்று இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். காய்ச்சல் என்று எழுதிய அத்தனை பிள்ளைகளுக்கும் மதிப்பெண் போட்டாகிவிட்டது, இனி விடைக்குறிப்பை மாற்ற முடியாது என்று மூன்று வாரத்தில் பதில் வந்தது. தவறான விடையைத் தெரிந்தே பரப்பியதற்காக அவரைப் பயிற்சியிலிருந்து நீக்கி, மையத்தின் சாமான் அறைக்கு மாற்றிய உத்தரவும் அதே உறையில் வந்தது. ஆதாரமாக அவருடைய இரண்டு பக்கத்தையும் இணைத்திருந்தார்கள். ஆவணப் பயிற்சியையே நிறுத்திவிட்டார்கள்.

மகள் அடுத்த வருஷம் மறுபடியும் தேர்வு எழுதினாள். அதே பக்கம்தான் வந்தது. அவர்களிடம் இருந்த ஒரே பழைய ஆவணம் அதுதானே. வரும் என்று எனக்குத் தெரியும். காலையில் அவள் செருப்பு மாட்டும்போது, “காய்ச்சல்னே எழுதிட்டு வா” என்று நான்தான் சொன்னேன். அவள் பேனாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். ஐந்துக்கு ஐந்து. கல்லூரியில் இடமும் கிடைத்தது. அதற்குப் பிறகு சாமான் அறைப் பக்கம் போகவேண்டி வந்தால் நான் சுற்றிக்கொண்டு போவேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் மகள் என் அறைக்கு வந்தாள். கல்லூரியில் பயிற்சி வகுப்பு எடுக்க வேண்டுமாம், நாற்பது நகல் வேண்டுமாம். நீட்டினாள். காலைத் தாள். அடியில் அவர் பெயரை மட்டும் யாரோ எடுத்திருந்தார்கள்.

“மத்தியானத் தாள் என்கிட்ட கட்டுக் கட்டா இருக்கு. அதையும் தரட்டுமாடி?” என்றேன்.

“அதுக்கெல்லாம் நேரம் குடுக்க மாட்டாங்கம்மா. பரீட்சையிலயும் வராது.”

சணல் கயிறு கேட்டு வந்த அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. மெஷினிலிருந்து விழுந்த முதல் நகலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரே ஒரு தடவை “ஆதாரம் எங்க?” என்று கேட்டுவிடமாட்டாரா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பட்டியல்ல கடைசி ரெண்டு பேர், மேஸ்திரி பிள்ளைங்க, நகல்ல விழலை. தாளைக் கொஞ்சம் உள்ள தள்ளி வைங்க” என்றார்.

“பரவாயில்ல சார், அவங்க தேவையில்ல” என்றாள் என் மகள். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவர் தலையாட்டினார். நகலை மெஷின் மேல் வைத்துவிட்டு, கயிற்றை எடுத்துக்கொண்டு போனார். மகளுக்கு வகுப்புக்கு நேரமாகியிருந்தது. மீதி முப்பத்தொன்பதையும் அப்படியே எடுத்துக் கொடுத்தேன்.