பதினான்கு மாடிக்குள் ஒரு கேள்வி

லிஃப்டின் கதவு மூடும்வரை அவர் வாயைத் திறப்பதில்லை. மூடியதும், ஸ்பானரைத் துணியால் துடைத்துப் பைக்குள் போட்டபடியே, பக்கத்தில் நிற்பவரின் தோளில் லேப்டாப் பை இருக்கிறதா, கழுத்தில் அலுவலக அட்டை தொங்குகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். இருந்தால் பேச்சு தொடங்கிவிடும். "சார், பாத்தா பெரிய படிப்பு படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. ஒண்ணு கேக்கலாமா?"

கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான். அவருடைய ஒரே மகள் பள்ளியின் கடைசி வகுப்பில் இருக்கிறாள். எல்லாப் பாடத்திலும் முதலிடம். பெயரைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருகிற ஆறு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். "சான்ஸ் இருக்குங்களா?"

சட்டைப் பையில் நாலாக மடித்த மதிப்பெண் பட்டியலின் நகல் இருக்கும். பதினான்காவது மாடி வருவதற்குள் அதை விரித்துக் காட்டி, மொத்த மதிப்பெண்ணை விரலால் தொட்டு, பழையபடி மடித்து வைத்துவிடுவார். நாலு மாடிக் கட்டடங்களில் மகளின் கெட்டிக்காரத்தனத்தைப் பாதியில் நிறுத்த வேண்டியிருக்கிறதே என்பது அவருடைய நிரந்தரக் குறை. காவலாளிகள் அவருக்கு 'சான்ஸ் அண்ணன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கும் அது தெரியும். கண்டுகொள்ள மாட்டார்.

இருபத்து மூன்று வருடங்களாக லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது கட்டடங்கள் அவர் பொறுப்பில். லிஃப்டில் நுழைந்தால் முதலில் கூரையைத்தான் பார்ப்பார், மனிதர்கள் அப்புறம். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும், சுவருக்குப் பின்னால் லிஃப்ட் ஓடும் சத்தம் கேட்டால் பேச்சு பாதியில் நின்றுவிடும். "மூணாவது மாடிக் கதவு. ரப்பர் தேஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். நடுவில் மாட்டிக்கொண்டு பதறுகிறவர்களுக்குக் கதவுக்கு வெளியே நின்று அவர் சொல்லும் ஆறுதல் பிரசித்தம்: "கயிறு அறுந்து விழறதெல்லாம் சினிமாவுலதான். மேல ஆறு கயிறு இருக்கு. ஒண்ணே உங்களைத் தாங்கும்."

மகளின் விஷயத்திலும் அவர் போட்டு வைத்திருந்தது இதே கணக்குத்தான். ஆறு விண்ணப்பம். ஆறில் ஒன்று தாங்காமலா போய்விடும்?

லிஃப்டில் ஏறியவர்கள் எல்லோரும் நல்லவர்கள். "கண்டிப்பா கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு அவரவர் மாடியில் இறங்கிப் போனார்கள். ஒரே ஒருவர்தான் அப்படிச் சொல்லவில்லை. ஒன்பதாவது மாடியில் தனியாக இருக்கும் ஓர் அம்மாள். அவர் பதினொரு வருடம் அந்த மாதிரிப் பல்கலைக்கழகம் ஒன்றில் விண்ணப்பங்களைப் படித்துத் தேர்வு செய்யும் வேலையில் இருந்தவர். மதிப்பெண் பட்டியலைப் பார்த்ததும் அவர் மெக்கானிக்கை வீட்டுக்குள் அழைத்து நாற்காலியில் உட்காரவைத்து, டீ போட்டுக் கொடுத்தார்.

ஓர் இடத்துக்கு இருபது பேர் வருவார்கள் என்றார். அவர்களில் பதினைந்து பேரிடம் இதே மதிப்பெண்தான் இருக்கும். ஒரு வருடம் வேதியியல் கேட்டவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்பதற்காக ஒரு பெண்ணை விட்டார்களாம். இன்னொரு வருடம், அதே பள்ளியிலிருந்து ஏற்கெனவே ஒருவரை எடுத்தாயிற்று என்று ஒரு பையனை. "விட்டவங்க யாரும் குறைஞ்சவங்க இல்லைங்க. எடுத்தவங்களை விட்டுட்டு அவங்களை எடுத்திருந்தாலும் வகுப்பு அதே மாதிரிதான் இருந்திருக்கும்."

மெக்கானிக் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். ஒரு விண்ணப்பத்தைப் படிக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்டார்.

"பன்னிரண்டு நிமிஷம். கூட்டம் அதிகமானா எட்டு."

"ஒரு பிரேக்கைப் பாக்கவே எனக்கு இருபது நிமிஷம் ஆகும் மேடம்" என்றார். குரலில் கோபம் இல்லை. டீயைக் குடித்து முடிக்காமலே எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. ஆனால் அவர் லிஃப்டில் மகளின் மார்க்கைக் காட்டித் திரியும் விஷயம் வேறு வழியாக வீட்டுக்கு வந்தது. அவருடைய மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை பார்க்கிறார். ஒரு சனிக்கிழமை அம்மாவை அழைத்துப்போகக் கடைக்கு வந்த மகளிடம், கழுத்தில் அட்டை தொங்க நின்றிருந்த வாடிக்கையாளர் ஒருவர், "நீ லிஃப்ட்காரர் பொண்ணுதானே? உன் கெமிஸ்ட்ரி மார்க் எனக்கு மனப்பாடம்" என்று சிரித்திருக்கிறார். அம்மாவும் விளையாட்டாக, "உங்க அப்பா பத்து மாடி ஏறறதுக்குள்ள உன்னைக் காலேஜ்ல சேத்துட்டு வந்துடுவாரு" என்று சொல்லிவைத்தார். மகள் சிரிக்கவில்லை.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் கேட்டாள். "நான் என்னப்பா, வாடகைக்கு விடற வீடா? ஏறி இறங்கறவங்களுக்கெல்லாம் காட்டிட்டு இருக்கீங்க?"

அவர் வாய் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "யார் யாரோ கிடைக்கும்னு சொல்லியாச்சு. நீங்க இன்னும் ஒரு தடவைகூட சொல்லலை."

அது அவருக்குத் தோன்றியதே இல்லை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். இந்த விஷயத்தில் தன் சொல்லுக்கு எடை கிடையாது என்று நினைத்துத்தானே கழுத்தில் அட்டை உள்ளவர்களைத் தேடித் தேடிக் கேட்டார். சட்டைப் பையிலிருந்த மதிப்பெண் நகலை எடுத்து மகளின் பக்கம் நகர்த்திவைத்தார். மறுநாளிலிருந்து லிஃப்டில் கூரையை மட்டும் பார்த்துக்கொண்டு போனார். பழகியவர்கள், உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாமே பணிவாகத் தொடங்கி, பணிவாகவே கைவிரித்தன. ஐந்து போயிற்று. ஆறாவது, காத்திருப்போர் பட்டியலில் வைத்திருப்பதாக எழுதி ஒரு மாதம் இழுத்தடித்தது. அந்த ஒரு மாதத்தில் அவர் இளைத்து, பெல்ட்டை இரண்டு துளை இறுக்க வேண்டியதாயிற்று.

கடைசிப் பதில் வந்த மதியம் அவர் லிஃப்டின் தலைமேல் நின்று, ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஃபோனில் மகள், "அதுவும் இல்லப்பா" என்றாள். இருட்டில், ஒரு கையால் இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். பிறகு வேலையை அப்படியே நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார்.

மகள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிர்ச் சுவரில் ஊர் வரைபடம். ஒரு வருடமாக இருபத்திரண்டு தெருக்களின் குழாய்த் தண்ணீரைப் பிடித்துவந்து சோதித்து, உப்பின் அளவுக்கு ஏற்ப அவள் குத்திவைத்த கலர் கலரான குண்டூசிகள். அவர் அவளுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. வரைபடத்தின் முன்னால் போய் நின்றுகொண்டார்.

"எனக்குப் படிப்பு தெரியாதும்மா. ஆனா ஒருத்தருக்கு வேலை தெரியுமா தெரியாதான்னு பாத்தா சொல்லிடுவேன். அதுல நான் ஏமாந்ததே இல்ல. உனக்கு வேலை தெரியும்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "இதைச் சொல்ல ஒரு வருஷமாப்பா?"

இப்போது அவள் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் சேர்ந்திருக்கிறாள். பஸ்ஸில் நாற்பது நிமிடம். முதல் வருடத்திலேயே ஆய்வுக்கூடத்துக்குள் விடுகிறார்கள் என்பதுதான் அவள் சொல்லும் காரணம். பெரிய இடம் கிடைக்காத வருத்தம் போய்விட்டதா என்றால் இல்லை. அந்தப் பெயர்கள் டிவியில் வந்தால் வீட்டில் யாராவது ஒருவர் எழுந்து சமையலறைக்குப் போகிறார்கள்.

போன வாரம் மாதாந்தரப் பராமரிப்புக்குப் போனபோது, லிஃப்டில் ஒன்பதாவது மாடி அம்மாளைப் பார்த்தார். இந்த முறை கேட்டது அந்த அம்மாள்தான். இவர் சொன்னார். அவர் வருத்தத்தோடு தலையசைத்தார். இரண்டு மாடி தாண்டியது.

"மேடம், நீங்க வேண்டாம்னு விட்ட பிள்ளைங்க அப்புறம் எங்க போனாங்க, என்ன ஆனாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அந்த அம்மாள் யோசித்தார். எடுத்தவர்களைப் பற்றி அவ்வப்போது செய்தி வருமாம். மற்றவர்களைப் பற்றி ஒன்றும் வந்ததில்லை. "தெரியாதுங்க" என்றார்.

அவர் பராமரிப்புச் சீட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். லிஃப்டின் சுவரில் வைத்து, மகளின் பெயர், படிக்கும் பாடம், பல்கலைக்கழகம், வருடம் எல்லாவற்றையும் குண்டு குண்டான எழுத்தில் எழுதி அந்த அம்மாளிடம் நீட்டினார். ஒன்பதாவது மாடி வந்தது. தாளைப் பிடித்தபடி அந்த அம்மாள் வாசலிலேயே நின்றுவிட, மூடப்போன கதவுக்கு இவர் தோளைக் கொடுத்து, அவர் படித்து முடிக்கும்வரை அப்படியே நின்றார்.